காட்டு பங்களாவில் குடும்ப உறுப்பினர் ஆனோம்

1

சென்ற மாதம் என் பள்ளித் தோழன் ராஜகோபால் கப்பலேறி வந்து எங்கள் வீட்டில் சில நாட்கள் தங்கினான். ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறோம். கீழே சைக்கிள் கடை. சன்னலைத் திறந்தால் பந்து விளையாடும் மைதானம் தெரியும். வந்த மறுநாள் காலை, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தவன் சுவரில் மாட்டியிருந்த சிறிய அட்டை ஒன்றின் முன்னால் நின்றான்.

"என்னடா சுந்தரம் இது? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கே?"

"இயற்கைப் பாதுகாப்பு நிலையம்னு ஒண்ணு இருக்கு. அதுல நாங்க குடும்ப உறுப்பினர். ஞாயித்துக்கிழமை போவோம். காடு, பறவை, பூச்சி, கடலோரச் சேறு எல்லாத்தையும் நடத்திக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க, சொல்லிக் கொடுப்பாங்க."

"அதுக்குச் சந்தா வேற கட்டுறியா? நம்ம பக்கம் கொல்லிமலை முழுக்கச் சும்மா கிடக்கேடா!"

வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். சமையலறையிலிருந்து என் அக்கா சிவகாமி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. அந்த அட்டையில என் பேரு வர்றதுக்கு ஒரு சபையே கை தூக்க வேண்டியிருந்துச்சு, தெரியுமா?"

ராஜகோபாலின் சிரிப்பு நின்றது. அன்று மாலை வரை கதை கேட்டான். ஊருக்குத் திரும்பும்போது, "இதை எழுதுடா. நீங்கல்லாம் வெளிநாட்டுலேருந்து எழுதினாலே அழுகையாத்தான் எழுதுறீங்க. ஒரு தடவை ஜெயிச்சதையும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால் எழுதுகிறேன்.

2

நான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தவன். தீவின் வடக்கு முனையில் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே சாமான் கிடங்கில் குமாஸ்தா வேலை. தமிழர்களும் மலையாளிகளும் அங்கே ஏராளம். கோவில் திருவிழா வந்தால் ஊரில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். மணமாகாதவன் என்பதால் தளத்திலேயே மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன்.

அக்கா எனக்கு முன்பே வந்துவிட்டாள். அத்தானுக்கு சிராங்கூன் ரோட்டில் ஓர் அச்சகத்தில் வேலை. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். ஒரே மகள் தமயந்தி. சுயாட்சி வந்து ஊரெங்கும் கொடி பறந்துகொண்டிருந்த அந்த வருடம், அத்தானுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலனில்லை. அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. தமயந்திக்குப் பத்து.

பெரியண்ணன் ஊரிலிருந்து உடனே எழுதினார்: அடுத்த கப்பலில் இருவரையும் அனுப்பிவிடு. அக்காவிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அழுகையை நிறுத்தாமலே சொன்னாள்:

"அங்க போனா நான் மூலையில உக்காரணும். இவ என்னைப் பாத்துக்கிட்டே வளரணும். நான் போகலை சுந்தரம். உனக்குப் பாரமா இருந்தா சொல்லிடு, தையல் வேலை பாத்துக்கிறேன்."

அந்த வாரமே தளத்து அறையைக் காலி செய்தேன். ஃபேரர் பார்க்கில் இந்த மாடி வீட்டைப் பிடித்து மூன்று பேரும் குடி வந்தோம். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து செம்பவாங் போய், பொழுது சாயத் திரும்புவேன். பெரியண்ணனுக்கு மட்டும் ஒரு தவணை சொல்லியிருந்தேன்: வருடக் கடைசிப் பரீட்சை வரை பார்க்கலாம், பிள்ளை தேறாவிட்டால் அனுப்பிவிடுகிறேன்.

பிள்ளை தேறுகிற மாதிரி இல்லை. அப்பா போனபிறகு தமயந்தி வாயே திறப்பதில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் வரும், அதுவும் பாதி நாள் வராது. "நோ." "ஐ டோன்ட் நோ." அக்கா அந்த இரண்டையும்தான் முதலில் கற்றுக்கொண்டாள். வகுப்பு ஆசிரியர் லிம் என்ற சீனர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளை சன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறாள். என்ன பார்க்கிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். மரத்தில் ஒரு மீன்கொத்தி. பாடத்தைவிட அது நன்றாகத்தான் இருந்தது" என்றார். கோபப்படாத ஆசிரியர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

3

அந்த லிம்தான் ஒரு நாள் வகுப்பையே வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டு பங்களாவுக்குப் போனார். மண்டாய் சாலையிலிருந்து பிரியும் ஒரு செம்மண் பாதை. அதன் முடிவில், தரையிலிருந்து உயர்ந்து மரக்கால்களின் மேல் நிற்கும் பழைய மர பங்களா. இயற்கையை நேசிக்கிற சிலர் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்து, பாதுகாப்பு, கல்வி என்று அந்த நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். சில சீன ஆசிரியர்கள், வெள்ளைக்காரரும் ஆசியரும் கலந்த வழியில் வந்த யுரேசியர்கள். தமிழ் முகம் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று மாலை நான் வேலை முடிந்து படியேறும்போதே மேலே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். தமயந்தி பேசிக்கொண்டிருந்தாள். கையை விரித்து, தலையைச் சாய்த்து, நாற்காலியிலிருந்து நாற்காலிக்குத் தாவி! பறக்கும் பல்லி, இலை மாதிரியே ஒரு பூச்சி, அம்மா வயிற்றில் தொங்கும் குரங்குக் குட்டி என்று ஆங்கிலத்தில் கொட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குப் பாதி புரியவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, கேன் வி கோ அகெய்ன்?" என்றாள் தமயந்தி. அப்புறம் தானாகவே தமிழில் ஒரு முறை கேட்டாள்: "மறுபடி போலாமா?"

"போலாம்" என்றேன். சட்டம் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

4

அடுத்த ஞாயிறு நானும் தமயந்தியும் போனோம். அக்கா வரவில்லை. கோவில், மார்க்கெட் தவிர வேறெங்கும் போவதை அவள் நிறுத்தியிருந்த காலம் அது. பங்களா முகப்பில் ஒரு மேசை. அதன் பின்னால் செயலாளர் மிஸ் டி சூசா. யுரேசியப் பெண்மணி, கால்சட்டை போட்டிருந்தார், கழுத்தில் தொலைநோக்கி.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தனியாக உறுப்பினராக முடியாது, குடும்ப உறுப்பினர் என்றால்தான் காட்டைச் சுற்றிக் காட்டும் எல்லா நடைக்கும் வரலாம் என்றார். சரி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் பெயர் எழுதினார். அக்கா பெயர் சொன்னேன், எழுதினார். பேனாவைத் தூக்கி, "ரிலேஷன்ஷிப்?" என்றார்.

கிடங்கில் போல்ட்டும் நட்டும் எண்ணுகிற ஆங்கிலம் என்னுடையது. "வெரி குட் ரிலேஷன்ஷிப், மேடம்" என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சந்தோஷம். உங்களுக்கு இவர் யார் என்று கேட்கிறேன். மனைவியா?"

"ஐயோ! அக்கா!"

பேனா கீழே வந்தது. விதியைக் காட்டினார். குடும்பம் என்பது குடும்பத் தலைவர், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். அவ்வளவுதான். அப்படியானால் அக்காவே தன் மகளோடு சேரட்டுமே என்றேன். அதற்கும் தலைவர் வேண்டும், கணவர் கையெழுத்து வேண்டும். கணவர் இறந்துவிட்டார் என்றேன். அந்த அம்மாள் முகம் வாடியது. கெட்ட மனுஷியில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மிஸ்டர் சுந்தரம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மனைவி என்றே எழுதிவிடுகிறேன் லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதை எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது? தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய மௌனம் திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். காறித் துப்புவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பொய் எழுதி உள்ள போக வேணாம். புருஷன் செத்தவளுக்குக் குடும்பம் இல்லைன்னு எழுதி வச்சிருக்கான்னா, அதை மாத்தச் சொல்லு."

"அக்கா, அது அவங்க சங்கம். நாம யாரு மாத்தச் சொல்ல?"

"நாமதான் சேரப் போறோமே. அப்புறம் நம்ம சங்கமும்தானே?"

5

லிம்மிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தச் சங்கத்தில் பழைய உறுப்பினர். கேட்டதும் தொடையைத் தட்டினார். "என் வீட்டில் என் மாமனாரின் தம்பி இருக்கிறார். இரவு சாப்பாட்டுக்கு எத்தனை கிண்ணம் வைக்கிறோமோ அத்தனை பேர் குடும்பம். இதை ஆண்டுக் கூட்டத்தில் நானே கொண்டுவருகிறேன்" என்றார். கூட்டம் இரண்டு மாதத்தில் வந்தது.

அந்த இரண்டு மாதமும் அக்கா ஆங்கிலம் படித்தாள். வாத்தியார் தமயந்தி. மீன் அரியும்போதும் துணி உலர்த்தும்போதும் பாடம். "அம்மா, ஷீ இல்ல, ஹீ" என்று மகள் அதட்டுவாள். அதட்டுவதற்காகவாவது அவள் வாய் திறந்தாளே என்று எனக்கு நிம்மதி.

கூட்டத்தன்று அக்கா அத்தான் இறந்தபிறகு கட்டாமல் வைத்திருந்த நீலப் புடவையை எடுத்துக் கட்டினாள். நாங்கள் பார்வையாளர் பெஞ்சில், கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மரத்தரை முழுக்க நாற்காலி. தலைவர் ஒரு வயதான ஆங்கிலேய டாக்டர். கணக்கு வாசித்தார்கள், காடு வெட்டுவதைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதுவது பற்றிப் பேசினார்கள். ஒன்றும் எங்கள் காதில் ஏறவில்லை. கடைசியில் லிம் எழுந்தார்.

"குடும்பம் என்ற சொல்லுக்குப் பதிலாக, ஒரே வீட்டில் வாழ்ந்து ஒன்றாக உண்பவர்கள் என்று மாற்ற வேண்டும். நாடே புதுச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறது. நாம் ஒரு வரியை மாற்றக் கூடாதா?"

முன் வரிசையில் பொருளாளர் எழுந்தார். ஹாரிஸ் என்று பெயர். ஓய்வுபெற்ற எஞ்சினியர், கறாரான மனிதர். "எனக்கு யார்மீதும் வருத்தமில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரே வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். சித்தப்பா, மாமா, அவர் மைத்துனர் என்று ஒரு சந்தாவில் ஒரு லாரி ஆட்கள் வந்து இறங்கினால் இந்தத் தரை தாங்குமா?"

சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். காற்று அவர் பக்கம் அடிப்பது எனக்குத் தெரிந்தது. லிம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"சார். ஐ டாக்?"

பார்வையாளர் பேசக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "பேசுங்கள், அம்மா" என்றார்.

அவள் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், மை ஹஸ்பண்ட் டெட். மை பிரதர் குட் மேன், நோ மேரி. ஒன் டாட்டர். ஷீ நோ டாக், லாங் டைம். ஷீ கம் ஹியர், கோ ஹோம், டாக் டாக் டாக். மை குழம்பு ஆல் பர்ன்." யாரோ கலகலவென்று சிரித்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. "யூ சே ஃபேமிலி, மஸ்ட் ஹஸ்பண்ட். ஹஸ்பண்ட் டெட், ஃபேமிலி நாட் டெட், சார். ஐ குக், ஐ வாஷ், ஐ டீச் குட் திங். ஐ ஆம் ஃபேமிலி மேன்!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அக்கா எதற்கென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அப்போது ஹாரிஸ், கேலியாக இல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார்: "அம்மா, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள்?"

"த்ரீ, சார். ஒன்லி த்ரீ. பட் எவ்ரி சண்டே."

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பில் கைதட்டலும் கலந்திருந்தது. அது அடங்குவதற்குள் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்தார். கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவி என்று எல்லோருக்கும் தெரியும், மிஸஸ் ஹார்ட் என்று பெயர். ஞாயிறு தோறும் மகனோடு வந்துபோகிறவர்.

"தலைவரே, என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது" என்றார். "நானும் என் மகனும் இன்னும் குடும்ப உறுப்பினராகத்தான் இருக்கிறோம். அவர் பெயரிலேயே கட்டுகிறேன். அவர் எங்கே என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்த அம்மாளை மட்டும் ஏன் கேட்டோம்? லிம் சொன்னதை நான் வழிமொழிகிறேன்."

வெளியே மரத்தில் ஏதோ ஒரு பறவை விடாமல் கூவிக்கொண்டிருந்தது. தலைவர் கை தூக்கச் சொன்னார். மிஸ் டி சூசாவின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக, பிறகு கூட்டமாக. எண்ண வேண்டியிருக்கவில்லை. தமயந்தி பெஞ்சின் மேல் ஏறி நின்று தன் கையையும் தூக்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

ஹாரிஸ் கை தூக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நேரே எங்களிடம் வந்தார். "நான் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். விதி என்றால் விதி என்று நினைப்பவன் நான். இப்போது விதி இது. வாருங்கள், வரவேற்கிறேன்" என்று அக்காவுக்குத் தலை குனிந்தார். அக்கா கும்பிட்டாள்.

படியிறங்கும்போது கேட்டாள்: "ஏண்டா, நான் என்ன தப்பா பேசினேன்? ஏன் அப்படிச் சிரிச்சாங்க?"

'ஃபேமிலி மேன்' என்றால் குடும்பத்தைக் கவனிக்கும் ஆம்பளை என்று விளக்கினேன். "சரியாத்தானே சொல்லியிருக்கேன்" என்றாள்.

6

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றினாள். காய்ச்சல் வந்த ஞாயிறு தவிர எல்லா ஞாயிறும் போனோம். முதல் நடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் ஏறும் அட்டைப்பூச்சியைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் ஆற்றோரச் சேற்றில் இறங்கினாள். ஊர் என்ன சொல்லும் என்று ஒதுங்கி நடந்தவள், சேறு தெறித்த முகத்தோடு மிஸஸ் ஹார்ட்டின் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

தேக்காவில் பேச்சுக் கிளம்பாமல் இல்லை. புருஷனை இழந்தவள் வெள்ளைக்காரிகளோடு காடு மேடு சுற்றுகிறாள் என்று காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் ஜாடையாகச் சொன்னாள். அக்கா கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "ஆமாக்கா, அடுத்த வாரம் நீங்களும் வாங்க. பஸ்ஸு மார்க்கெட் முன்னாடிதான் நிக்கும்" என்றாள். அந்த அம்மாள் வரவில்லை. அவளுடைய மருமகள் வந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மருந்துக்கடை வைத்திருக்கும் காயல்பட்டணத்துக்காரர் ஒருவர் தம் தாயார், தங்கை, தங்கை பிள்ளைகள் என்று வீட்டோடு வருகிறார். ஹாரிஸ் பயந்த லாரி கிட்டத்தட்ட வந்துவிட்டது. தரை தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வருடக் கடைசியில் தமயந்தி தேறினாள். சாதாரணமாக அல்ல, அறிவியலில் வகுப்பிலேயே முதலாவதாக. பெரியண்ணனுக்கு நான் எழுதுவதற்கு முன்பே அக்கா எழுதிவிட்டாள். நான் வரப் போவதில்லை, நீங்கள் வேண்டுமானால் ஒருமுறை இங்கே வந்து எங்களைப் பாருங்கள் என்று. அதன்பிறகு அவர் கப்பலைப் பற்றிப் பேசவில்லை.

7

தமயந்தி இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். ஆங்கிலம்தான் அவளுக்கு வசதி. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். இங்கே வளரும் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். என் மனதில் ஒரு மூலையில் அந்த வருத்தம் இருந்தது. அடுத்த தலைமுறை நம் மொழியில் யோசிக்காதோ என்று.

சில வாரங்களுக்கு முன் நிலையத்துக்கு ஒரு தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. செம்பவாங் கடலோரத்தில் நீர் வற்றும் நேரத்தில் நடை. தமிழில் நடத்த யாராவது வேண்டும் என்று மிஸ் டி சூசா தமயந்தியைக் கேட்டார். அவள் நடுங்கிப் போனாள்.

"மாமா, ஐ கான்ட். என் டமில் ரொம்ப மோசம். பசங்க சிரிப்பாங்க."

அக்கா சொன்னாள்: "சிரிக்கட்டுமே. சிரிச்சா நல்லது நடக்கும்."

மூவரும் போனோம். தமயந்தி முதலில் திக்கினாள். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மரவேர்களைக் காட்டி, "இந்த வேர்... அது வந்து... மூச்சு விடும்" என்றாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை, குனிந்து வேருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார்கள். அதில் அவளுக்குத் தைரியம் வந்தது. போகப் போகச் சொற்கள் எங்கிருந்தோ வந்து அவள் வாயில் விழுந்தன. நண்டு வளை, நத்தை ஊர்ந்த தடம், சேற்றில் தத்தும் மீன் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, கடற்படைத் தளத்திலேயே வேலை பார்த்தும் நான் ஒரு நாளும் கண்டிராத கடற்கரை என் முன்னால் விரிந்தது.

ஓரிடத்தில், வட்டமான ஓடும் நீளமான வாலுமாக ஒரு பிராணி மணலில் நகர்ந்துகொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். தமயந்தி அதை இரு கையாலும் மெல்லத் தூக்கிக் காட்டினாள். உலகத்தில் மனிதனுக்கு வெகு காலம் முன்பே வந்த உயிர் இது என்றாள்.

"அக்கா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று ஒரு சிறுமி தமயந்தியைக் கேட்டாள்.

தமயந்தி அம்மாவைப் பார்த்தாள். அக்கா கையை விரித்தாள். "எனக்கென்னடி தெரியும்? நான் கடலைக் கண்டதே கப்பல் ஏறினப்பதான்."

தமயந்தி சற்று யோசித்தாள். பிறகு அந்தப் பிராணியைச் சிறுமியின் முகத்துக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தாள். "தெரியலைன்னா நாமளே வைக்கலாம். பாத்தா என்ன மாதிரி இருக்கு?"

"கவுத்துப் போட்ட சட்டி!" என்றது ஒரு குரல். "தொப்பி!" என்றது இன்னொன்று. கேள்வி கேட்ட சிறுமி வாலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைப்பிடி வச்ச தோசைக்கல்லு" என்றாள்.

"தோசைக்கல் நண்டு!" என்று கத்தினாள் தமயந்தி. பிள்ளைகள் எல்லோரும் கத்தினார்கள். அலைக்கு மேலே அந்தச் சத்தம் போயிற்று. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமயந்தி அதைத் தண்ணீரில் விட, அது வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போன ஞாயிறு நான் கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தூரத்தில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு மிஸ் டி சூசா, தொலைநோக்கியைத் தலைக்கு மேல் ஆட்டி, முழுத் தொண்டையில் கூப்பிட்டார்:

"சுந்தரம்! கம் குயிக்! தோசைக்கல் நண்டு லா! பெரிசு!"